கறை என்று தேய்க்கப்படும் காப்பு

திருவண்ணாமலை கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். கிழக்கே ராஜகோபுரத்தடியில் புறப்பட்டுத் தெற்கே திரும்பி, மலையின் மேற்குப் பக்கத்துக்கு வந்தால் அடி அண்ணாமலை. இங்குள்ள ஆதி அண்ணாமலையார் கோயில் லிங்கத்தைப் பிரம்மனே பிரதிஷ்டை செய்தான் என்பது ஐதீகம். டவுனில் இருக்கும் பெரிய கோயிலுக்கும் இது முந்தியது என்பது ஊரார் நம்பிக்கை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இங்கேதான் என்று சொல்லி அவருக்கும் ஒரு சிறு கோயில் எழுப்பியிருக்கிறார்கள். பௌர்ணமி இரவில் நடப்பவர்களுக்கு மலை ஒரு கரிய நிழலாகத்தான் தெரியும். பகலில் வந்தால்தான் அதன் நிறங்கள் பிடிபடும். ஓரிடத்தில் செம்பழுப்பு, ஓரிடத்தில் சாம்பல், மழைநீர் வழிந்த தடங்களில் நீளமான கருங்கோடுகள்.

இந்த வட்டாரத்தில் உடைந்து கிடக்கும் ஒரு கருங்கல் துண்டை எடுத்து, உடைந்த பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உள்ளே நீலம் கலந்த சாம்பல் நிறம். வெயிலில் சாய்த்தால் கண்ணாடிப் பொடி போலச் சின்னச் சின்ன மினுக்கல்கள். வெளி ஓரத்தை நெருங்க நெருங்க நிறம் வெளுத்து மஞ்சளாகும். கடைசி விளிம்பில் பழுப்பாகவோ கருப்பாகவோ ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு தலைமுடி கனம்கூட இருக்காது. மழையும் வெயிலும் முதலில் சந்திப்பது அதைத்தான்.

கருங்கல் ஒரே பொருளால் ஆனதல்ல. ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ், வெள்ளையும் இளஞ்சிவப்புமான ஃபெல்ஸ்பார், காக்காப்பொன் எனப்படும் மைக்கா, கரிய இரும்புக் கனிமங்கள் எல்லாம் இறுகிச் சேர்ந்த கூட்டு அது. வட தமிழகத்தில் பரவலாகக் கிடைக்கும் ஒருவகைக் கருங்கல்லுக்குப் புவியியலாளர்கள் ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வந்த கதை சுவையானது. கொல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போனது. பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளை ஆராய்ந்த டி. எச். ஹாலந்து, 1893-ல் சார்னாக்கின் நினைவாக அந்தக் கல்லறைக் கல்லுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். உலகமெங்கும் புவியியல் வகுப்புகளில் சொல்லித்தரப்படும் பெயர், தமிழ்நாட்டுக் கல்லுக்கு வைத்த பெயர்.

இந்தக் கூட்டில் எல்லாக் கனிமங்களுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. குவார்ட்ஸை மழை அசைக்காது. ஃபெல்ஸ்பார் மெல்ல மெல்லக் களிமண்ணாக மாறும். காக்காப்பொன்னிலும் மற்ற கரிய கனிமங்களிலும் உள்ள இரும்பு, காற்றுப்பட்டுத் துருவாகும். அப்படிக் கரைந்து வெளிவரும் இரும்பும் சிலிக்காவும் முழுவதும் மழையோடு போய்விடுவதில்லை. ஒரு பகுதி, ஈரம் காயும்போது மேற்பரப்பிலேயே தங்கி இறுகுகிறது. பல இடங்களில் இப்படி இறுகிய மேல்பரப்பு, அதற்கு நேர் கீழே இருக்கும் கல்லைவிடக் கெட்டியாக இருப்பதைப் பார்க்கலாம். மேல்பரப்பு ஒரு இடத்தில் உடைந்தால், உள்ளே இருக்கும் தளர்ந்த பகுதி பொடிப்பொடியாக உதிர்ந்து அங்கே குழி விழும். கல் சிதையும்போதே, சிதைவின் விளைபொருளைக் கொண்டே தனக்கொரு மூடியையும் போட்டுக்கொள்கிறது.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் ஜெர்மானிய இயற்கையியலாளர் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1800-ம் ஆண்டு வாக்கில் தென் அமெரிக்காவின் ஒரினோகோ ஆற்றருவிகளில், வெள்ளம் தொடும் கிரானைட் பாறைகள் மட்டும் கரிபூசியது போல் மின்னுவதைக் கண்டார். தட்டிப் பார்த்தால் உள்ளே வெளிறிய கல். கருமை வெளியே மெல்லிய படலமாக மட்டும் இருந்தது. அதில் இரும்பும் மாங்கனீசும் இருப்பதைச் சுவீடன் வேதியியலாளர் பெர்சிலியஸ் கண்டு சொன்னார். 1832-ல் பிரேசிலின் பாகியா கடற்கரையில் இறங்கிய சார்ல்ஸ் டார்வினும் இதே மாதிரி ஒரு படலத்தைக் குறித்து வைத்தார்.

பாலைவனங்களில் இந்தப் படலத்துக்குப் ‘பாலை வார்னிஷ்’ என்று பெயர். காற்றில் வரும் களிமண் துகள்களும் மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகளும் சேர்ந்து பாறைமேல் ஒட்டி உருவாவது. அமெரிக்காவின் தென்மேற்கில் பழங்குடி மக்கள் இந்தக் கருமையைக் கொத்தி, அடியில் இருக்கும் வெளிர் கல்லைத் தெரியவைத்தே ஆடும் மானும் வரைந்தார்கள். இதன் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். வளரும் வேகமோ ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒருமுறை சுரண்டி எடுத்துவிட்டால், சுரண்டியவரின் கொள்ளுப்பேரன் காலத்திலும் அது திரும்ப வராது.

இன்னொரு வகைப் படலத்தின் கதை உயிர்களோடு தொடர்புள்ளது. செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற கல்பாசியைப் பலரும் பார்த்திருப்பார்கள். பாசியும் பூஞ்சையும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் ‘லைக்கன்’ என்ற உயிரினத்தில் அது ஒரு வகை. அதன் உறவுகள்தான் பழைய கோயில் மதில்களிலும் மலைப்பாறைகளிலும் வெள்ளை, சாம்பல், ஆரஞ்சு வட்டங்களாகப் படர்ந்திருக்கின்றன. இவற்றில் பல, ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலம் கல்லில் இருந்தோ தூசியில் இருந்தோ கிடைக்கும் கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் ஆக்சலேட் பிறக்கிறது. நம்மில் பலரை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடவைக்கும் சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை இதே பொருள்தான். உடம்பில் வந்தால் வேதனை. கட்டடத்தின் மேல் வந்தால், பல நேரம், நன்மை.

காரணம் எளிது: அது தண்ணீரில் கரைய மறுக்கிறது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கால்சியம் ஆக்சலேட் கரைவது ஏறத்தாழ 7 மில்லிகிராம். ஜிப்சம் 2 கிராமுக்கு மேல் கரையும். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் சுத்தமான தண்ணீரில் அதிகம் கரைவதில்லை என்றாலும், அமிலம் கலந்த மழை பட்டால் வேகமாகக் கரையும். அத்தகைய மழையிலும் ஆக்சலேட் படலம் தாக்குப்பிடிக்கிறது. ஏதென்ஸ் நகரின் பார்த்தினன் கோயில் பளிங்கில் இந்தப் பொருள் இருப்பதை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1853-லேயே கண்டறிந்தார். இத்தாலியில் ரோமானியர் காலத் தூண்களிலும் சிற்பங்களிலும் தேன் நிறத்தில் தெரியும் பழைய மெருகிலும் இதே ஆக்சலேட் உண்டு. அந்தத் தேன் நிறம் இருக்கும் இடங்களில் உளித் தடம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. அது உதிர்ந்த இடங்களில் பளிங்கு சர்க்கரைபோல் பொலபொலத்துப் போயிருக்கிறது.

இந்தப் படலம் முழுக்க லைக்கனின் வேலைதானா என்று ஆராய்ச்சியாளர்களிடையே நெடுங்காலமாக வாதம் உண்டு. பழங்காலச் சிற்பிகள் கல்லைக் காக்கப் பூசிய பால், முட்டை, எண்ணெய் போன்றவை காலப்போக்கில் மாறி ஆக்சலேட் ஆகியிருக்கலாம் என்பது ஒரு தரப்பு. நுண்ணுயிர்களே காரணம் என்பது மறு தரப்பு. எண்ணெய்க்காப்பும் பாலபிஷேகமும் நூற்றாண்டுக் கணக்கில் கல்மேல் நடந்துவரும் தமிழ்நாட்டில் இந்த வாதம் வெறும் ஐரோப்பிய விவகாரமாக இருக்கத் தேவையில்லை. நம் மூலவர்களையும் பரிவார தேவதைகளையும் நுண்ணோக்கியோடு அணுகும் ஒரு நல்ல ஆய்வுக்கு இங்கே எவ்வளவோ இடம் இருக்கிறது.

படலத்தை அழுக்கு என்று நினைத்ததால் வந்த வினைக்கு மிகப் பிரபலமான உதாரணம் லண்டனில் நடந்தது. பார்த்தினன் கோயிலிலிருந்து கொண்டுபோன சிற்பங்களை வைக்க, பிரிட்டிஷ் மியூசியத்துக்கு லார்டு டுவீன் என்ற செல்வந்தர் புதிய கூடம் கட்டிக்கொடுத்தார். பளிங்கு என்றால் பால்போல வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1937, 1938-ம் ஆண்டுகளில் தொழிலாளர்கள் செம்புக் கருவிகளாலும் கார்போரண்டம் தேய்ப்புக் கல்லாலும் பல சிற்பங்களைச் சுரண்டினார்கள். விஷயம் தெரிந்து நிறுத்தப்பட்டபோது, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலான மேற்பரப்பு பல இடங்களில் போய்விட்டிருந்தது. பழகிய தோசைக்கல்லைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று தேய்த்துவைத்தால் அடுத்த தோசை என்ன ஆகும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். தோசைக்கல்லை மறுபடி பழக்கிவிடலாம், பளிங்கை முடியாது. அந்தச் சுத்தம் செய்த விவகாரத்தை விவாதிக்க 1999-ல் அதே மியூசியத்தில் ஒரு மாநாடே நடந்தது.

தமிழ்நாட்டில் நடந்ததும் குறைந்ததல்ல. கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு செய்வது வழக்கம். அதை ஒட்டித் திருப்பணி. திருப்பணி என்றதும் சுத்தம் செய்வது. கடந்த நூற்றாண்டின் கடைசியிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல கோயில்களில் இதற்குக் கையாண்ட முறை ‘சாண்ட் பிளாஸ்டிங்’. கம்ப்ரசர் காற்றோடு மணலைச் சேர்த்துக் கல்மேல் பீய்ச்சி அடிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு, சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாம் நிமிடத்தில் பறந்துவிடும். சுவர் அன்று வெட்டிய கல்போல் வெளுத்து நிற்கும். செய்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை; சாமி கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசைதான். விளைவு மட்டும் கொடுமையானது.

என்ன நடக்கிறது என்று கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் இருக்கும் ஒரு கல்வெட்டு எழுத்தை வைத்துப் பார்க்கலாம். கருங்கல்லில் வெட்டிய எழுத்தின் ஆழம் பல இடங்களில் சில மில்லிமீட்டர்தான். மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, எழுத்தின் ஒரு கரை ஒளியும் மறு கரை நிழலுமாக நின்று படிக்க வசதியாகிறது. அந்தக் கரையின் கூர்மைதான் எழுத்தின் உயிர். மணல் வந்து மோதும்போது முதலில் உடைவது அந்த விளிம்பு. மிருதுவான ஃபெல்ஸ்பாரும் காக்காப்பொன்னும் குழிய, குவார்ட்ஸ் மணிகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ‘க’வின் வளைவு எங்கே முடிகிறது, கல்லின் இயல்பான சொரசொரப்பு எங்கே தொடங்குகிறது என்று மைப்படி எடுப்பவர் தடுமாறுவார். படலமும் போய், மேற்பரப்பும் கரடுமுரடாகிவிட்டதால், மழைநீர் முன்பைவிட அதிக நேரம் தங்கும். பாசி முன்பைவிடச் சீக்கிரம் வரும். பிறகு அதைச் சுத்தம் செய்ய மறுபடி கம்ப்ரசர்.

திருவண்ணாமலை பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1990-ல் நூலாகக் கொண்டுவந்தது நல்ல காலம். இந்த மாதிரிப் பதிவு எடுக்கப்படாத கிராமத்துக் கோயில்கள் எத்தனையோ. அங்கே ஒரு வரி அழிந்தால் நிலதானமோ நந்தாவிளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கோ, எழுதியவனுக்குப் பிறகு யாரும் படிக்காமலே அழிந்துபோகிறது.

கல்வெட்டு அறிஞர்களும் பாரம்பரிய ஆர்வலர்களும் இதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். தமிழகக் கோயில்கள், நினைவுச் சின்னங்களின் பாதுகாப்பு குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி. டி. ஆதிகேசவலு அமர்வு 75 வழிகாட்டுதல்களோடு தீர்ப்பளித்தது. பழமையான கட்டடங்களைத் தொடும் வேலையில் வல்லுநர்களின் பார்வை இருக்க வேண்டும் என்பது அதன் முக்கியமான அம்சங்களில் ஒன்று.

அதற்காகக் கல்மேல் படிந்த எல்லாமே காப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் கண்ணும் அனுபவமும் ஆய்வுக்கூடமும் வேண்டியிருக்கிறது. நகரத்துப் புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு பளிங்கின் மேல் பட்டால் கல்லின் மேல்பரப்பே ஜிப்சமாக மாறும்; புகைக்கரி அதில் சிக்கிக் கருப்புப் பக்காக இறுகும். பக்கு பெயரும்போது கல்லையும் பிய்த்துக்கொண்டு வரும். தாஜ்மகாலைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் உத்தரவிட்டதன் பின்னணி இந்த மாதிரிப் பாதிப்புதான். அங்கே பளிங்கின் மஞ்சளை எடுக்க முல்தானி மட்டிக் குழைவைப் பூசி, காயவிட்டு, நீரால் கழுவி எடுக்கிறார்கள். சுரண்டலே கிடையாது.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் பகை உப்பு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கோயிலின் வெளிச்சுவர்ச் சிற்பங்களில் முகங்கள் மழுங்கி, உருவங்கள் கரைந்த மாதிரி நிற்கின்றன. கடற்காற்றில் வரும் உப்புநீர் கல்லின் நுண்துளைக்குள் போய், ஈரம் காயும்போது அங்கேயே படிகமாக வளர்கிறது. வளரும் படிகம் உள்ளிருந்து தள்ளும். மேலே எவ்வளவு நல்ல படலம் இருந்தாலும் அது செதில் செதிலாகக் கழன்று விழுவதைத் தடுக்க முடியாது. அதனால்தான் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சவுக்குத் தோப்பு வளர்த்துக் காற்றைத் தடுத்தது. அலைக்குக் கருங்கல் தடுப்புப் போட்டது. ஊறவைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காயக் காய உப்பை உறிஞ்சி எடுத்துவருகிறது. இந்தக் கூழ் வைத்தியம் ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையல்ல. கடல் இருக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது.

இயற்கை போடும் படலத்துக்கும் மனிதன் பூசும் பூச்சுக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இங்கே தெரிகிறது. கனிமப் படலத்தில் நுண்துளைகள் உண்டு. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற முடியும். வார்னிஷ், அக்ரிலிக், எனாமல் பெயின்ட் ஆகியவை வாசலை அடைத்துவிடும். வெளியே போக முடியாத ஈரமும் உப்பும் பூச்சுக்குப் பின்னால் தங்கிக் கல்லைக் கெடுக்கும். அஜந்தா ஓவியங்களைக் காக்க, ஹைதராபாத் நிஜாம் அரசு 1920-ல் இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தது. அவர்கள் பூசிய அரக்கு வார்னிஷ் சில பத்தாண்டுகளில் மஞ்சளாகிக் கருத்தது. அதை நீக்கும் வேலை இன்னொரு தலைமுறையின் தலையில் விழுந்தது. கோயில் தூண்களுக்கு மினுக்குப் பூச்சு அடிக்க நினைக்கும் உபயதாரர்கள் அஜந்தாவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

லைக்கனும் எப்போதும் நண்பன் இல்லை. அதன் நுண்ணிழைகள் கனிம மணிகளின் இடுக்கில் நுழைந்து கல்லைத் தளர்த்தவும் செய்யும். எந்த வகை, எந்தக் கல், எந்த ஈரம் என்பதைப் பொறுத்தே நட்பும் பகையும். சீனப் பெருஞ்சுவரின் மண்ணால் கட்டிய பகுதிகளை ஆராய்ந்து 2023 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு, ஆராயப்பட்ட பரப்பில் 67 சதவீதத்தை மூடியிருந்த பாசி, லைக்கன் அடுக்கு, வெறும் சுவரைவிட அதை உறுதியாக வைத்திருப்பதைக் காட்டியது. ஆனால் கோபுரத்து இடுக்கில் முளைக்கும் அரசும் ஆலும் விஷயத்தில் ஐயமே வேண்டாம். அவற்றைச் செடியாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் அடுத்த குடமுழுக்குக்கு முன் என்ன செய்வது? நல்ல பாதுகாப்பாளர் முதலில் தொடுவது தூரிகையை அல்ல, கேமராவை. கல்வெட்டு இருக்கும் ஒவ்வொரு கல்லும் பக்கவாட்டு ஒளியில் படமெடுக்கப்படும். பிறகு யார் கண்ணிலும் படாத மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சோதனை. வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் தூரிகையும் போதுமா என்று பார்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு அசையாவிட்டால் நீர்த்த அம்மோனியாவும் மிதமான சோப்புக் கரைசலும் பயன்படும். அதற்கும் அசையாத இடத்தில் களிமண் குழைவோ காகிதக் கூழோ வைத்து ஊறவிட்டு எடுப்பார்கள். 1917-ல் தொடங்கி டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு பல சின்னங்களில் வேலை செய்வது இந்த வழியில்தான். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றுவது இதில் சேராது. அது கருங்கல்லின் இரும்பை வெளியே இழுத்துத் துருக்கறையாக்கும், கூடவே உப்பையும் விட்டுச்செல்லும்.

ஒரே கோபுரத்திலும் ஒரே முறை சரிவராது. திருவண்ணாமலையின் 217 அடி ராஜகோபுரத்தில் கீழ்நிலை கருங்கல். மேலே பதினொரு நிலைகளும் செங்கல்லும் சுதையும். சுதைக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் காலாகாலத்துக்குப் புதுப்பிக்க வேண்டியவை. அதுதான் அதன் மரபு. கருங்கல்லுக்கு அந்த மரபு கிடையாது. அதைப் புதிதாக்க முயலாமல் விட்டாலே அதற்குப் பாதி பாதுகாப்பு.

இயற்கையின் இந்த வேலையை மனிதனே செய்து பார்ப்பதும் தொடங்கி நாளாகிவிட்டது. ஃபிளாரன்ஸ் நகர வேதியியலாளர் மௌரோ மத்தேயினி, அம்மோனியம் ஆக்சலேட் கரைசலைக் கூழில் ஊறவைத்துச் சுண்ணச்சுவர் ஓவியங்கள் மீதும் பளிங்கு மீதும் வைக்கும் முறையை உருவாக்கினார். கல்லின் கால்சியமும் கரைசலின் ஆக்சலேட்டும் சேர்ந்து சில மணி நேரத்தில் மெல்லிய கால்சியம் ஆக்சலேட் படலம் ஒன்றை உண்டாக்கும். கால்சியம் நிறைந்த கல்லில்தான் இது நன்றாகப் பலிக்கிறது. நம் கருங்கல்லில் அந்த அளவுக்குக் கால்சியம் இல்லை. எனவே தமிழ்நாட்டின் கோயில் சுவர்களுக்கு இப்போதைக்குக் கைவசம் இருப்பது, ஏற்கெனவே படிந்திருக்கும் படலம் மட்டுமே. திருப்பணிக்கு டெண்டர் எழுதும்போது ‘கல் பகுதிகளைச் சுத்தம் செய்தல்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி போடுவதற்குப் பதில், எந்தச் சுவருக்கு எந்த முறை, எதைத் தொடக் கூடாது, சோதனைத் துண்டை யார் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்று பிரித்து எழுதலாம். சாண்ட் பிளாஸ்டிங்கும் அமிலமும் கூடாது என்பதை அதே தாளில் தனி வரியாகச் சேர்க்கலாம். ஊர்க் கோயிலின் திருப்பணிக் குழுவில் இருப்பவர்கள், சாரம் கட்டுவதற்கு முன்பே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட வேண்டும்.